ஒட்டும் பூச்சும்: பயிலுநர் வேலையும் நமது விமர்சனப் பண்பும்

விமர்சனம் என்னும் சொல்லை நமது பல்கலைக்கழகங்கள் இலக்கியத்தின் தனியுடைமையாக ஆக்கிவிட்டன. ஒரு நாவல் வெளிவந்தால் அதனை ஆராயக் கருத்தரங்கு கூடுகிறது. ஒரு கவிதைத் தொகுதி வெளிவந்தால் உருவமா உள்ளடக்கமா என்று நள்ளிரவுவரை வாதம் நிகழ்கிறது. ஆனால் பண்டாரவளைப் பகுதித் தோட்டமொன்றின் இளைஞன், இரவல் வாங்கிய யந்திரத்தைக் கொண்டு, தன் லயத்தின் தண்ணீர்த் தாங்கிக்கு இரும்பில் ஒரு நிலையத்தை ஒட்டி நிறுத்தினால், அதனை விமர்சிக்க எவரும் முன்வருவதில்லை. நாவலிற் குறையிருந்தால் வாசகன் அதனை மூடிவைத்துவிட்டு உறங்கப் போகலாம். ஆயிரம் லீற்றர் நீர் ஒரு தொன் எடையுடையது. அதனைத் தாங்கும் ஒட்டிற் குறையிருந்தால் அதன் கீழே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும் பெண் வீடு திரும்பமாட்டாள். எந்த வேலைக்கு விமர்சனம் மிக இன்றியமையாததோ அந்த வேலைக்கு அதனை மறுத்துவிட்டு, விமர்சன மரபைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். இம்முரண்பாட்டைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிலாளர் 'வெல்டிங்' என்றும், அரச தாள்கள் 'உருக்கி ஒட்டுதல்' என்றும் வழங்கும் இத்தொழில் ஊவாவின் தோட்டங்களில் இன்று பரவலாகிவிட்டது. கையிலே தூக்கிச் செல்லத்தக்க சிறு மின் யந்திரங்கள் நகரத்து இரும்புக் கடைகளிற் கிடைக்கின்றன. மரத்தின் விலையும் தச்சுக் கூலியும் ஏற ஏற, கதவு, யன்னற் கம்பி, கூரைத் தாங்கி, படிக் கைப்பிடி, ஓடைக்குக் குறுக்கே நடைபாலம் என யாவும் இரும்பாகின்றன. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவரும் உல்லாசப் பயணிகள் அது கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும், இரும்புச் சட்டங்களின்றி எழுப்பப்பட்டதென்று வியந்து செல்கின்றனர். அதன் அயலிலுள்ள லயங்களில் வாழ்வோரோ ஒவ்வொரு நாளும் இரும்பை நம்பிப் படியேறுகின்றனர். அவ்விரும்பை ஒட்டியவர்களிற் பலர் முறைப்படி பயின்றவரல்லர், பார்த்துப் பழகியவர்கள். அவர்களுடைய வேலைக்குக் குற்றங் கூறுவது எவ்வாறு, அக்குற்றத்தை அவர்கள் ஏற்பது எவ்வாறு என்பது கைத்தொழிற் பிரச்சினை மட்டுமன்று; ஒரு சமூகத்தின் தன்மானப் பிரச்சினையுமாகும்.

இரக்கம் என்னும் இழிவு

என் சொந்த அனுபவமொன்றைக் கூறுதல் ஈண்டுப் பொருந்தும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த காலத்தில், மாமா ஒருவரின் யந்திரத்தில் ஓரளவு ஒட்டப் பழகினேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்திற்கு ஒரு படலைக் கதவு வேண்டுமென்றார்கள், செய்து கொடுத்தேன். பச்சை வர்ணம் பூசி, மாலையிட்டு, அதனைத் திறந்துவைத்தார்கள். வந்திருந்த பெரியவர்கள் மூவர் உரையாற்றினர். 'தோட்டத்துப் பிள்ளை ஒன்று இவ்வளவு செய்ததே பெரிது' என்பதே மூன்று உரைகளின் சாரமும். எவரும் அந்தக் கதவைக் கையால் அசைத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் மேற்பிணைச்சலின் ஒட்டு விட்டது. கதவு சரிந்து ஒரு குழந்தையின் கால்விரல் நசுங்கியது. நல்லூழாக, அவ்வளவோடு போயிற்று.

கதவைத் தோளிற் சுமந்துகொண்டு பண்டாரவளை நகரத்துப் பட்டறை ஒன்றுக்குச் சென்றேன். அங்கிருந்த முதிய பாஸ், விட்டுப்போன பிணைச்சலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒட்டு இல்ல, பூச்சு" என்றார். உண்மையும் அதுவே. பிணைச்சல் தடித்த இரும்பு. கதவுச் சட்டமோ மெல்லிய பொக்ஸ் பார். மெல்லியது ஓட்டையாகிவிடுமோ என்ற அச்சத்தில் மின்னோட்டத்தைக் குறைத்திருந்தேன். ஆகவே தடித்த இரும்பு உருகவே இல்லை. உருகிய உலோகம் அதன்மேல், குளிர்ந்த கல்லில் வார்த்த மெழுகுபோல, படிந்து கிடந்தது. பிணைச்சலிலிருந்த துருவையும் நான் சுரண்டவில்லை. "கரண்ட கூட்டுங்க, நெருப்பத் தடிச்ச பக்கம் காட்டுங்க, உருகினது தானா மெல்லிசுப் பக்கம் வரட்டும். கொஞ்சம் கொஞ்சமா ஒட்டுங்க" என்றார் அவர். பின்னர் இருபது துண்டு இரும்பைத் தந்து, ஒவ்வொன்றையும் ஒட்டி நானே உடைத்துப் பார்க்கச் செய்தார்.

மூன்று உரைகள் எனக்குத் தராததை ஒரு வாக்கியம் தந்தது. அந்த மூவரும் தீயோரல்லர். ஆயினும் அவர்களது பாராட்டின் அடியிலே ஓர் எடுகோள் இருந்தது: தோட்டத்துப் பிள்ளையிடம் இதற்குமேல் எதிர்பார்க்க இயலாது என்பதே அது. இரக்கத்தினாற் பிறக்கும் பாராட்டு, பாராட்டின் உடையணிந்து வரும் இழிவாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அதன்பின் பல தசாப்தங்கள் அவர்கள் விண்ணப்பதாரராகவே நின்றனர். விண்ணப்பதாரரை எல்லோரும் இரக்கத்தோடு நோக்குவர். சமமானவராக நோக்குவோர் சிலரே. ஒருவனது வேலையைச் சமமானவனின் வேலையாகக் கொண்டு அளவிடுதலே அவனுக்குச் செய்யும் முதல் மரியாதை. அளவுகோலைக் குறுக்கிக்கொண்டு அவனை உயரமானவன் என்று கூறுவது மரியாதையாகாது.

ஏளனம் என்னும் சோம்பல்

இரக்கத்திற்கு எதிர்முனையில் நிற்பது ஏளனம். சில பட்டறைகளில் இதுவே கல்விமுறையாக விளங்குகிறது. பயிலுநன் ஒட்டிய கோணல் ஒட்டைப் பலர் முன்னிலையிற் காட்டி நகைப்பர். அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டுவர். 'நாங்கள் அடிவாங்கித்தான் கற்றோம்' என்று தமது துன்பத்தைத் தகைமையாகக் காட்டுவர். பின்னர் அவ்வொட்டைக் கிரைண்டரால் தேய்த்துத் தாமே மறுபடி ஒட்டி முடிப்பர். அவன் கண்டது தன் அவமானத்தை மட்டுமே. தன் பிழையின் காரணத்தை அவன் காணவில்லை.

ஏளனஞ் செய்வோர் தம்மைக் கண்டிப்பானவர்கள் என்று கருதிக்கொள்கின்றனர். என் துணிபு வேறு. ஏளனம் கண்டிப்பன்று, சோம்பல். 'இது கோழி கிண்டியதுபோல் இருக்கிறது' என்று கூற ஒரு கணம் போதும். அது ஏன் அவ்வாறாயிற்று, மின்னோட்டம் மிகுந்ததா, கம்பியின் நுனி இரும்பிலிருந்து தொலைவில் நின்றதா, கை விரைந்ததா என்று ஆராய்ந்து கூற அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணியைச் செலவிட விரும்பாதவனே நகைக்கிறான். சிலரிடத்தே இன்னொரு காரணமும் உண்டு: இன்றைய பயிலுநன் நாளைய போட்டியாளன். தொழிலின் நுட்பத்தை மறைத்துவைத்தாற் கூலி குறையாது என்னும் கணக்கு அது. இக்கணக்கை நாம் விளங்கிக்கொள்ளலாம், ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இரக்கமும் ஏளனமும் ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றினும் உறவினர்களே. இரண்டும் வேலையை நோக்குவதில்லை, வேலைசெய்தவனையே நோக்குகின்றன. ஒன்று அவனைத் தடவிக்கொடுக்கிறது. மற்றொன்று அவனை அறைகிறது. பிணைச்சலின் அடியில் உருகாமற் கிடக்கும் இரும்பை இரண்டும் அவ்வாறே விட்டுவிடுகின்றன.

குற்றத்திற்குப் பெயர் வேண்டும்

விமர்சனத்தின் முதற்படி குற்றத்தைப் பெயரிட்டுக் கூறுதல். நமது மரபு இதனை நன்கறியும். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தனித்தனியே பெயரிட்டு வகுத்தார். 'நூல் நன்றாயில்லை' என்று கூறி அவர் அமையவில்லை. அப்பத்துட் சிலவற்றை ஒட்டுப் பட்டறைக்குள் எடுத்துச் சென்றால், அவை அங்கேயே பிறந்தனபோலப் பொருந்தக் காணலாம். பள்ளம் நிரம்பாமல் உலோகம் குறைந்துபோன ஒட்டு, குன்றக் கூறல். வலிமை கூடும் என்ற மயக்கத்தில் மேடாகக் குவித்த ஒட்டு, மிகைபடக் கூறல்; அம்மேட்டின் ஓரத்திலே விசை செறிந்து வெடிப்புத் தொடங்கும். நன்றாகத் தொடங்கி, கம்பியைச் சட்டென்று எடுத்ததால் முடிவிற் குழிவிழுந்த ஒட்டு, சென்று தேய்ந்திறுதல். அக்குழியிலிருந்தே கீறல் புறப்படுவதைத் தொழிலறிந்தோர் கண்டிருப்பர். இரு இரும்பும் உருகிக் கலவாமல் மேலே மட்டும் படிந்த எனது பிணைச்சல் ஒட்டை, வெற்றெனத் தொடுத்தல் என்பதனினும் பொருத்தமாக எவ்வாறு அழைப்பது?

பெயரிட்டபின் காரணங் கூறவேண்டும்; காரணங் கூறியபின் மாற்றுக் கூறவேண்டும். ஒட்டின் ஓரத்தில் அடியிரும்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாயின், மின்னோட்டம் மிகுந்திருக்கும் அல்லது கை ஓரங்களிற் தரிக்காமல் ஓடியிருக்கும். 2.5 மில்லிமீற்றர் கம்பிக்கு ஏறத்தாழ 60 முதல் 90 அம்பியர் வரையே வேண்டும். ஒட்டினுள்ளே கசடு சிக்கியிருப்பின், முதல் வரியின் கசடைத் தட்டித் துலக்காமல் இரண்டாம் வரியை இட்டிருப்பான். நுண்துளைகள் காணப்படின், எண்ணெயோ வர்ணமோ ஈரமோ காரணமாகலாம். பண்டாரவளையின் பனிமூட்டத்திலும் வடகீழ்ப் பருவ மழையிலும் இவ்வீரம் சிறு விடயமன்று. 6013 என்னும் இலக்கமுடைய கம்பி ஓரளவு ஈரத்தைப் பொறுக்கும். 7018 என்னும் இலக்கமுடையதோ உலர்வாகப் பேணவேண்டியது. அதன் பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் அதிலிருந்து வரும் ஐதரசன் உலோகத்துட் புகுந்து, ஒட்டி முடித்துப் பல மணி நேரத்தின் பின்னருங்கூட வெடிப்பை உண்டாக்கும். 'வலுவான கம்பி' என்று கேள்விப்பட்டு அதனை வாங்கித் திறந்த பொதியில் லயத்துக் கூரையின்கீழ் வைத்திருக்கும் இளைஞனுக்கு இதனை எவர் சொல்லிக்கொடுத்தார்?

மூன்றாவதாக, விமர்சகன் தன் கூற்றைப் பரீட்சையால் நிறுவவேண்டும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இரு தகடுகளை நிமிர்ந்தும் கிடந்தும் பொருந்தவைத்து ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டி, நிமிர்ந்த தகட்டை ஒட்டின்மேல் மடியுமாறு சுத்தியலால் அடித்தால், ஒட்டு அடியிலிருந்து பிளந்து தன் உள்ளத்தைக் காட்டிவிடும். மூலைவரை உருகியதா, கசடு உளதா, துளை உளதா என்பதை எழுத்தறியாதவனும் கண்டுகொள்வான். தாங்கியின் ஒட்டில் ஒழுக்கு உண்டோவென அறிய ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி உலரவிட்டு மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவினாற் போதும். நீர் புகாத நுண்ணிய வழியிலும் மண்ணெண்ணெய் ஊறிச் சுண்ணாம்பிற் கறையாகும். இத்தகைய பரீட்சையின் சிறப்பு யாதெனில், தீர்ப்பு வழங்குவது ஆசான் அல்லன், இரும்பே. இரும்புக்குச் சாதியில்லை, தோட்டமும் நகரமும் இல்லை. அதன் தீர்ப்பில் அவமானமுமில்லை.

பழி யாருக்கு?

இங்கே விமர்சகனுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குறை கண்டவிடத்தெல்லாம் குற்றவாளி கையாளே என்று முடிவுகட்டுதல் தவறு. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கா 2,710 'லிபேட்டி' சரக்குக் கப்பல்களைக் கட்டிற்று. ஆணியடித்துப் பொருத்துவதை விடுத்து ஒட்டிக் கட்டியதாலும், பெண்கள் உட்படப் புதிதாகப் பயின்ற பல்லாயிரவர் உழைத்ததாலுமே அவ்விரைவு கைகூடிற்று. அவற்றுட் சிலவற்றின் உடல் பிளந்தது. அதே முறையிற் கட்டிய 'ஸ்கெனெக்ரடி' என்னும் எண்ணெய்க் கப்பல் 1943 ஜனவரி 16ஆம் திகதி, போட்லன்ட் துறையில், அமைதியான நீரில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. உடனே எழுந்த குரல் ஒட்டுநர்களைப் பழித்தது. வேலையிற் குறைகள் இருந்தமை மெய்யே. ஆயினும் ஆராய்ச்சி மேலும் சென்றது. குளிரில் நொறுங்கும் இயல்பு அந்த உருக்கிலேயே இருந்தது என்பதைக் கேம்பிரிட்ஜில் கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்னும் அம்மையார் எடுத்துக்காட்டினார். சதுரமாக வெட்டிய மேற்றளத் திறப்புகளின் மூலைகளில் விசை செறிந்தமையும் ஒரு காரணமாயிற்று. பழியிற் பெரும்பங்கு பொருளைத் தெரிந்தோருக்கும் வரைபடம் கீறியோருக்கும் உரியதாயிருந்தது.

நமது இளைஞன் ஒட்டியது விட்டுப்போனால், அவன் கையை நோக்குமுன் அவனுக்குக் கிடைத்த இரும்பு எத்தகையது, லயத்து மின்சாரம் ஒளி விளக்கையே மங்கவைக்கும் நிலையில் யந்திரத்திற்கு எவ்வளவு சென்றது, கண்ணை மூடும் கண்ணாடி இருந்ததா அல்லது ஒரு கையாற் கண்ணை மறைத்துக்கொண்டு ஒட்டினானா என்பனவற்றையும் விமர்சகன் வினவவேண்டும். நாகம் பூசிய குழாயை மூடிய அறையில் ஒட்டி, அப்புகையால் இரவெல்லாம் காய்ச்சலில் நடுங்கியவனிடம் மறுநாள் ஒட்டின் அழகைப் பற்றி மட்டும் பேசுவது விமர்சனமாகாது.

அதேவேளை 'சிறு வேலைதானே' என்னும் சலுகையும் கூடாது. 1980 மார்ச் 27ஆம் திகதி வடகடலில் 'அலெக்சாண்டர் கியெலான்ட்' என்னும் மிதக்கும் தங்குதளம் கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். வெடிப்புத் தொடங்கிய இடம் பாரந்தாங்கும் பெருமூட்டு அன்று. ஒலியுணர் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக இடப்பட்ட 6 மில்லிமீற்றர் அளவான சிற்றொட்டு. உடைந்த முகத்தில் வர்ணத்தின் சுவடு காணப்பட்டது. அதாவது, வர்ணம் பூசப்பட்ட நாளிலேயே வெடிப்பு அங்கே இருந்தது. எவரும் குற்றங் கூறாமல் அதன்மேல் வர்ணம் பூசினர். நமது பச்சைப் படலைக் கதவின் கதையும் சிறிய அளவில் இதுவே.

ஏற்பவன் கடன்

குற்றங் கூறுவோன் கடனைக் கூறினேன், ஏற்பவனுக்கும் கடனுண்டு. 'கையிற் காசில்லை, யந்திரம் பழையது, நேரமில்லை' என்னும் நியாயங்கள் மெய்யாயிருக்கலாம். ஆனால் அவை ஒட்டைத் தாங்கிப் பிடிப்பதில்லை. தன் வேலையைத் தானாகக் கருதுவோன் வேலையின் குறையைக் கேட்டதும் தானே அடிபட்டவன்போலச் சினப்பான். தன் வேலையைத் தன்னிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்துப் பார்க்கப் பழகியவனே கற்பான். குறையைப் புட்டியால் அடைத்து வர்ணம் பூசி மறைப்பவன் பிறரை ஏமாற்றுமுன் தன்னை ஏமாற்றுகிறான். பிறர் உடைக்குமுன் தானே உடைத்துப் பார்ப்பதே பயிலுநனின் வீரம்.

'தொடக்கத்திலேயே குறை கூறினால் அவன் மனமுடைந்து தொழிலையே கைவிடுவான்' என்று சிலர் கூறுவர். மனத்தை உடைப்பது குறையைக் கேட்பதன்று. குறைக்கு மாற்றுண்டு என்பதைக் கேளாமையே. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு பேணிவரும் தேசிய தொழிற்றகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள. பட்டறையிற் பார்த்துப் பழகியவனும் தன் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெற அதில் வழியுண்டு. அதில் நான் வியப்பது ஒரு சொல்லையே: தேறாதவனைத் 'தோற்றவன்' என்று அது குறிப்பதில்லை, 'இன்னும் தேர்ச்சி பெறாதவன்' என்கிறது. அந்த 'இன்னும்' என்பதற்குள் விமர்சனத்தின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆயின் அச்சொல் தாளில் மட்டும் இருந்து, எது குறைந்தது என்று எவரும் எடுத்துரையாவிடின், அதுவும் வெறும் பூச்சே.

தமிழ்ச் சங்கத்திற்கு ஒரு வேலை

இவையெல்லாம் பொறியியற் பீடத்தின் அலுவல், தமிழ்ச் சங்கத்திற்கு இதில் என்ன பங்கு என்று வினவுவோர் உளர். பங்கு உண்டு, அது பெயரிடும் பங்கு. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவை பாடநூல்களுக்கு உதவின, பட்டறைக்குள் இறங்கவில்லை. இன்று ஊவாவின் பட்டறைகளில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த மொழி வழங்குகிறது. அதனை நான் குறைகூறவில்லை. உழைப்போர் மொழி அவ்வாறே உருவாகும். ஆனால் குற்றங்களுக்குப் பெயரில்லாத இடத்தில் 'சரியில்லை' என்ற ஒரு சொல்லே எல்லாக் குற்றத்திற்கும் நிற்கிறது; அதற்கு அடுத்ததாக வசை வந்து நிற்கிறது. வாரத்தில் ஒரு நாள் நமது மாணவர் சிலர் பட்டறையொன்றில் இருந்து, பாஸ்மார் வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுத்து, குற்றம், காரணம், மாற்று என மூன்று நிரலில் ஒரேயொரு தாள் அச்சிட்டு, சுவரில் ஒட்டத் தந்தால், அது பல கருத்தரங்குகளினும் பயனுடைய விமர்சன நூலாகும்.

அதற்கு முன் நாம் நமது வீட்டையும் துலக்கவேண்டும். நூல் வெளியீட்டு மேடைகளில் நாம் வழங்கும் அணிந்துரைகளும் போர்த்தும் பொன்னாடைகளும் எந்தப் பிணைச்சலை அசைத்துப் பார்த்தன? மலையக எழுத்தாளனின் முதற் தொகுதிக்கு 'இவ்வளவு எழுதியதே பெரிது' என்று முன்னுரை வழங்கும் விரிவுரையாளரும், என் படலைக் கதவுக்கு மாலையிட்ட பெரியவரும் ஒரே குற்றத்தைச் செய்கின்றனர். மாணவனின் கட்டுரையைச் சிவப்பு மையாற் கீறி, காரணம் எழுதாது புள்ளியை மட்டும் இடும் ஆசிரியரும், ஒட்டைத் தேய்த்தெறியும் ஏளனக்காரரும் ஒரே பட்டறையினர். நாம் இரும்பை விமர்சிக்கப் பழகினால், ஒருவேளை எழுத்தையும் விமர்சிக்கப் பழகுவோம்.

அந்தப் பிள்ளைமடுவத்தில் இன்றும் ஒரு படலைக் கதவு இருக்கிறது. இரண்டாம் முறை நான் ஒட்டியது. பொருத்துமுன் அந்த முதிய பாஸ் அதன்மேல் ஏறி நின்று தம் முழு எடையாலும் ஆட்டிப் பார்த்தார். பாராட்டாக ஒரு வார்த்தையும் கூறவில்லை. "இப்ப பெயின்ட் அடிக்கலாம்" என்றார்.